ஜுஸெப்பே

இந்த முறை லோன், ஆடிட், ட்ரான்ஸ்ஃபர் புலம்பல் எதுவும் கிடையாது. பயப்படாமல் படிக்கலாம். ஒரு பெயரைப் பற்றி எழுதப்போகிறேன். இத்தாலிக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகப் பையன்களுக்கு வைத்துவரும் பெயர். ஜுஸெப்பே.

பி.காம் முடித்து பேங்க்கில் சேர்ந்து, இரண்டு தவணையாக ஒன்பது வருஷம் கல்கத்தாவில் குப்பை கொட்டிக்கொண்டிருப்பவனுக்கு இத்தாலிப் பெயரோடு என்ன ஒட்டுறவு என்று கேட்பீர்கள். அக்கா மகன் டூரினில் வேலை பார்க்கிறான். அங்கேயே ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டான். அவள் சிசிலித் தீவுக்காரி. பலெர்மோவிலிருந்து உள்ளே தள்ளி ஒரு சின்ன ஊர். படிக்க வடக்கே வந்தவள் அப்படியே தங்கிவிட்டாள். போன மாதம் இருவருக்கும் ஆண் குழந்தை பிறந்தது. நியாயப்படி எனக்கு வரவேண்டியது "மாமா, லட்டு எப்ப அனுப்பறீங்க?" என்ற போன். வந்தது அக்காவிடமிருந்து, ராத்திரி பதினோரு மணிக்கு.

"ஏல, பிள்ளைக்கு என்னமோ ஜுசப்பி குசப்பின்னு பேரு வைக்கப் போறானாம். என்னன்னு கேளு. நீ பேங்க்காரன்ல்லா, பேரு கையெழுத்தெல்லாம் தெனமும் பாக்கவன்தான?"

எங்கள் ஊர் திருநெல்வேலிப் பக்கம். தாய்மாமன் என்றால் இந்த மாதிரி வேலையெல்லாம் தானாகத் தலையில் வந்து விழும். நாள் வேறு அதிகம் இல்லை. நம் நாட்டில் பிறப்பை 21 நாளுக்குள் பதிந்துவிட்டால் போதும், பெயரைச் சாவகாசமாக ஒரு வருஷத்துக்குள் கட்டணமில்லாமல் சேர்த்துக்கொள்ளலாம். பெயர் இருக்கவேண்டிய இடம் காலியாக இருக்கும் பிறப்புச் சான்றிதழ்களை நானே எத்தனையோ பார்த்திருக்கிறேன். இத்தாலியில் அந்தக் கதையெல்லாம் இல்லை. ஆஸ்பத்திரியிலேயே பதிவதென்றால் மூன்று நாள், நகராட்சிக்குப் போவதென்றால் பத்து நாள். போகும்போது பெயரோடு போகவேண்டும்.

ஆக, அந்தப் பத்து நாளும் நான் ஆபீஸ் முடிந்து வந்து ஜுஸெப்பேயைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருந்தேன். பேசித் தீர்க்க வேண்டுமானால் விஷயம் தெரிந்திருக்க வேண்டுமே. படிக்கப் படிக்க, அக்கா சொன்ன குசப்பியின் மேல் எனக்கே ஒரு பிரியம் வந்துவிட்டது.

முதலில் அந்தச் சத்தம். ஜு-ஸெப்-பே. நடுவில் இரண்டு 'ப்' வருகிறது. இத்தாலிக்காரர்கள் அங்கே ஒரு கணம் உதட்டை மூடி நின்று, பிறகு திறப்பார்கள். ஆங்கிலம் பேசுகிறவர்கள் இந்த இடத்தில் வழுக்கி விழுவார்கள். நமக்கு இது தண்ணீர் பட்ட பாடு. அப்பா, உப்பு, பருப்பு, கருப்பு என்று காலையில் எழுந்ததிலிருந்து ராத்திரி படுக்கும் வரை அதைத்தானே சொல்கிறோம். லத்தீனில் யோசெஃபுஸ் என்று இருந்தது இத்தாலி மொழியில் ஜுஸெப்பே ஆனது. இந்த ஃபு, பு சமாச்சாரமும் நமக்குப் புதிதில்லை. காஃபியைக் காப்பி ஆக்கியவர்கள்தானே நாம். "அக்கா, 'சிப்பி' சொல்ல வருமா? வரும். அப்ப இதுவும் வரும்" என்று முதல் தடை ஒன்றை அன்றைக்கே தகர்த்தேன்.

முழுப் பெயரை வீட்டில் யாரும் கூப்பிடுவதில்லை என்பது அடுத்து தெரிந்தது. வடக்கே பெப்பே என்றும் தெற்கே பெப்பே, பெப்பினோ, பீனோ என்றும் சுருக்குவார்கள். அந்த வடக்கத்திப் பெப்பேக்கு முதலெழுத்து கனமான 'ப', தெற்கத்திப் பெப்பேக்கு மெல்லிய 'ப'. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும், என்ன செய்ய. வெனிஸ் பக்கம் பேப்பி. திருத்தந்தை பத்தாம் பயஸின் இயற்பெயர் ஜுஸெப்பே சார்த்தோ. சின்ன வயதில் அவரும் பேப்பிதான். மிலானில் கால்பந்து பார்க்கிறவர்களுக்கு ஜுஸெப்பே மெயாட்சா தெரியாமல் இருக்காது. 1934, 1938 இரண்டு உலகக் கோப்பையும் ஜெயித்த அணியில் ஆடியவர். 1980-ல் சான் சீரோ மைதானத்துக்கு அவர் பெயரை வைத்தார்கள். அந்த மனிதரை ஊர் கூப்பிட்டதும் பெப்பினோ என்றுதான்.

கல்கத்தாவில் இருக்கும் நம் மக்களுக்கு இதைப் புரியவைக்க வேண்டியதே இல்லை. எங்கள் பிராஞ்சில் கம்பீரமான சமஸ்கிருதப் பெயர் உள்ள சீனியர் மேனேஜர் ஒருவர். வீட்டிலிருந்து போன் வந்தால் 'கோக்கா', அதாவது பாப்பா. வங்காளிக்கு ஊருக்கு ஒரு 'பாலோ நாம்', வீட்டுக்கு ஒரு 'டாக் நாம்'. இத்தாலிக்காரர்கள் அதே வேலையை ஒரே பெயரை வெட்டி ஒட்டிச் செய்கிறார்கள், அவ்வளவுதான்.

சரி, அர்த்தம். மூலம் எபிரேய மொழி. யோசேஃப் என்றால் 'அவர் கூட்டித் தருவாராக' என்று பொருள். ஆதியாகமத்தில் ராகேல் என்று ஒரு பெண். வெகுகாலம் பிள்ளையில்லாமல் தவித்தவள். கடைசியில் ஒரு மகன் பிறக்கிறான். 'கடவுள் எனக்கு இன்னொரு மகனையும் கூட்டித் தரட்டும்' என்ற எண்ணத்தில் அந்தப் பெயரை வைக்கிறாள். கொடுத்ததற்கு நன்றியும் இருக்கிறது, அடுத்ததற்கு மனுவும் இருக்கிறது. கடன் கேட்டு வருகிறவர்களில் இந்த ரகத்தை எனக்கு நன்றாகத் தெரியும். முதல் லோன் கையெழுத்தாகும்போதே டாப்-அப் பற்றி விசாரிப்பார்கள் :-)

ஆனால் இத்தாலியில் இந்தப் பெயர் பரவியது ராகேலின் மகனால் இல்லை. மரியாளின் கணவர், இயேசுவை வளர்த்த தகப்பன், தச்சர். அவரால்தான். அவரைப் பற்றி நான் படித்ததில் என்னைக் கொஞ்சம் நிறுத்திய விஷயம் ஒன்று உண்டு. நற்செய்தி நூல்கள் நான்கிலும் அவர் வாய் திறந்து பேசியதாக ஒரு வார்த்தை கூடக் கிடையாது. கனவு காண்கிறார், எழுந்து கிளம்புகிறார், குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு எகிப்துக்குப் போகிறார், திரும்புகிறார், வேலை செய்கிறார். பேச்சு இல்லை. எங்கள் அத்தானும் இதே ஜாதி. வீட்டில் கல்யாணம், காட்சி எது நடந்தாலும் பந்தலுக்குப் பின்னால் தண்ணீர் டிரம் நிரம்பிவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருப்பார். போட்டோவில் இருக்க மாட்டார்.

இப்படிப்பட்ட ஒருவருக்குக் கிடைத்த மரியாதையைப் பாருங்கள். 1870-ல் ஒன்பதாம் பயஸ் அவரைத் திருச்சபை முழுமைக்கும் காவலர் என்று அறிவித்தார். மார்ச் 19 அவருடைய திருநாள். 1977 வரை இத்தாலியில் அன்று அரசு விடுமுறை. விடுமுறையை எடுத்துவிட்டார்கள், தந்தையர் தினம் இன்றும் அங்கே மார்ச் 19-தான். பெற்ற தகப்பன்மார் எல்லோருக்கும் சேர்த்து, வளர்த்த தகப்பன் ஒருவரின் நாள்! நேப்பிள்ஸ் பக்கம் அன்று மாவைப் பொரித்துக் கிரீம் வைத்து 'ட்ஸெப்போலே' என்று ஒரு பலகாரம் செய்வார்கள். சிசிலியில் இன்னும் விசேஷம். ஒரு காலத்தில் கடும் பஞ்சம் வந்து, ஊர் ஜனங்கள் சூசையப்பரை வேண்டிக்கொள்ள மழை பெய்ததாம். அந்த நன்றிக்காக வீடுகளிலும் தெருக்களிலும் பெரிய மேசை போட்டுப் படையல் வைப்பார்கள். தவக்காலம் என்பதால் மாமிசம் கிடையாது. ஏணி, ரம்பம், சுத்தியல், பூ, மயில் என்று விதவிதமான வடிவங்களில் ரொட்டி சுட்டு அடுக்குவார்கள். சலேமி என்ற ஊர் இதற்கே பேர்போனது. பஞ்சத்தில் உயிரைக் காப்பாற்றிய மொச்சை மாதிரியான ஒரு பயறு கட்டாயம் இருக்கும். ஏழைகளை அழைத்து உட்காரவைத்து முதல் பந்தி அவர்களுக்கு. அக்காவிடம் இதைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேச்சில்லை. "நம்ம கோயில் கொடை மாரில்லா இருக்கு" என்றாள். அத்தோடு நிற்கவில்லை. "ஆனாலும் வேதக்காரப் பேருதானல?" என்றும் சேர்த்துக்கொண்டாள்.

ஆமாம், அதுதான் விஷயம். வாயில் நுழையவில்லை என்பதெல்லாம் மேலுக்கு.

நம் வீட்டுக் குழந்தைகள் எல்லோருக்கும் தெரிந்த ஒரு ஜுஸெப்பே உண்டு. யார் சொல்லுங்கள்? பினோக்கியோவைச் செதுக்கிய ஜெப்பெத்தோ! ஜெப்பெத்தோ என்பது ஜுஸெப்பேயின் டஸ்கனிச் செல்லப்பெயர். 'குட்டி ஜுஸெப்பே' என்று வைத்துக்கொள்ளுங்களேன். கார்லோ கொல்லோதி அதைப் பத்திரிகையில் தொடராக எழுதி 1883-ல் புத்தகமாக வந்தது. மரம் செதுக்குகிற ஏழைக் கிழவன், தான் பெறாத பிள்ளை ஒன்று, அந்தப் பிள்ளை படுத்தும் பாட்டையெல்லாம் தாங்கிக்கொள்வது. தச்சர் சூசையின் நிழல் அதில் இருக்கிறது என்று எனக்குப் படுகிறது. பிள்ளைக்குப் பாடப்புத்தகம் வாங்க, குளிரில் தன் மேல்கோட்டை விற்றுவிட்டு, "எனக்கு வெக்கையா இருந்துச்சு" என்கிற பாவனையில் அந்தக் கிழவன் வந்து நிற்கும் இடத்தைச் சின்ன வயதில் எப்படிச் சாதாரணமாகக் கடந்து போனேன் என்று தெரியவில்லை. இப்போது முடிவதில்லை.

கொஞ்சம் சரித்திரம் பார்த்துவிடுவோம். சிதறிக் கிடந்த இத்தாலி ஒரே நாடானதன் கதையில் மூன்று ஜுஸெப்பேக்கள் தவறாமல் வருவார்கள். எழுத்துக்கு ஜுஸெப்பே மாட்சினி, வாளுக்கு ஜுஸெப்பே கரிபால்டி, பாட்டுக்கு ஜுஸெப்பே வெர்தி. மாட்சினி நமக்கு அந்நியரே இல்லை. கல்கத்தாவில் சுரேந்திரநாத் பானர்ஜி 1870-களில் மாணவர்களைக் கூட்டி வைத்து அவரைப் பற்றிப் பேசினார். சாவர்க்கர் 1907-ல் மராத்தியில் கொண்டுபோனார். நம் பாரதியார் 'மாஜினி' என்று எழுதி, அவர் எடுத்த சபதத்தைத் தமிழ்க் கவிதையாக்கினார். ஜுஸெப்பே என்ற முன்பெயர்தான் வழியில் எங்கோ உதிர்ந்துவிட்டது.

மற்ற இருவர் கதை பேங்க்காரனுக்கு இனிக்கும் கதை. கரிபால்டி 1807-ல் நீஸ் நகரில் பிறந்தார். வெர்தி 1813-ல் பார்மாவுக்குப் பக்கத்தில் ஒரு குக்கிராமத்தில். இரண்டு ஊரும் அப்போது நெப்போலியன் கையில். பதிவு அலுவலகத்தில் பிரெஞ்சுக் குமாஸ்தா. கரிபால்டியை 'ஜோசஃப் மரீ' என்றும் வெர்தியை 'ஜோசஃப் ஃபோர்த்துனேன் ஃபிரான்சுவா' என்றும் எழுதிவைத்தான். இத்தாலியை உண்டாக்கிய மாவீரனுக்கும், இத்தாலியின் குரலாக இருந்த இசைமேதைக்கும் பிறப்புச் சான்றிதழில் பிரெஞ்சுப் பெயர். இன்றைக்கு அவர்கள் கவுன்டரில் வந்து நின்றால் கே.ஒய்.சி. பொருந்தவில்லை என்று இரண்டு பேரையும் அஃபிடவிட் கொண்டுவரச் சொல்லியிருப்போம். இன்னொன்று. வெர்தி என்றால் 'பச்சை' என்று அர்த்தம் வரும். ஆக அவர் நம் ஊரில் பிறந்திருந்தால் பச்சையப்பன்! அவர் 1859-ல் கல்யாணம் செய்துகொண்ட பாடகியின் பெயர் ஜுஸெப்பீனா. வீட்டுக்குள் எத்தனை ஜுஸெப்பே பாருங்கள்.

இப்போது அந்தப் பெயருக்கு அங்கே மவுசு எப்படி என்று மருமகனிடம் கேட்டேன். "தாத்தா பேரு மாமா" என்று சிரித்தான். 2018-ல் அரசுப் புள்ளிவிவரத் துறைப் பட்டியலில் ஃபிரான்செஸ்கோவைத் தள்ளிவிட்டு லியொனார்டோ முதலிடத்துக்கு வந்தது. டூரினில் பிறக்கும் குழந்தைக்கு ஜுஸெப்பே என்று வைப்பது, சென்னை அப்பார்ட்மெண்டில் பிறக்கும் குழந்தைக்குக் கோவிந்தசாமி என்று வைப்பது மாதிரி. அதோடு ஒரு தெற்கத்தி வாடையும் அடிக்கும். 1950-60-களில் தெற்கிலிருந்தும் சிசிலியிலிருந்தும் ஃபியட் கார் கம்பெனி வேலைக்காக ரயிலேறி டூரினுக்கு வந்தவர்கள் கொஞ்சநஞ்சம் இல்லை. மொழி வாடை, சாப்பாட்டு வாடை, பெயர் வாடை எல்லாவற்றுக்கும் அங்கே கிண்டல் உண்டு. வீடு வாடகைக்குக் கிடைக்காமல் அலைந்திருக்கிறார்கள். நமக்குத் தெரிந்த கதைதான். அப்படி வந்தவர்கள் பிள்ளைகளுக்கு ஊர்ப் பெயரை விடாமல் வைத்தார்கள் என்றால் அதில் கொஞ்சம் வீம்பு இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன். இருக்கவேண்டியதுதான்.

"அப்ப நீ ஏண்டா இந்தப் பேரைப் பிடிச்சே?" என்று கேட்டேன். அப்போதுதான் முழுக்கதையும் வெளியே வந்தது. அக்காவுக்குச் சொல்லாத கதை.

சிசிலியில் பெயர் வைக்க ஒரு முறை உண்டு. முதல் பையனுக்கு அப்பாவைப் பெற்ற தாத்தாவின் பெயர். இரண்டாவது பையனுக்கு அம்மாவைப் பெற்ற தாத்தாவின் பெயர். நம் ஊர்ப் பழக்கம் அப்படியே! பேரன் என்ற சொல்லே பெயரன், பாட்டன் பெயரைக் கொண்டவன் என்பதிலிருந்து வந்தது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். நாம் நியூமராலஜி பார்த்து, ஷ வருகிற, ஸ் வருகிற பெயராகத் தேடத் தொடங்கியபிறகு அந்தச் சொல்லுக்கும் பெயருக்கும் தொடர்பு விட்டுப்போனது. அங்கே அந்தப் பெண்ணின் அப்பா, ரயில்வேயில் ரிடையரான மனிதர், பிள்ளை பிறப்பதற்கு முன்பே சொல்லியிருக்கிறார். முதல் பையன் என்றால் இந்தியத் தாத்தாவின் பெயர்தான், அதில் பேச்சே கிடையாது என்று. அதாவது எங்கள் அத்தான் பெயர். அது எங்கள் ஊர் எல்லைச்சாமி பெயர். இதுவரை அத்தான் பெயரை அக்கா வாயால் சொல்லிக் கேட்டதில்லை, அதனால் நானும் இங்கே எழுதப்போவதில்லை. ஆனால் அந்தச் சம்பந்தி, பலெர்மோ பக்கத்துச் சின்ன ஊரில் உட்கார்ந்துகொண்டு, அந்த நீளப் பெயரைத் தாளில் எழுதிவைத்து ஒரு வாரம் சொல்லிப் பழகியிருக்கிறார்.

முட்டுக்கட்டை சட்டத்தில் வந்தது. இத்தாலியில் 2000-ல் வந்த சிவில் பதிவு விதிகளில் 34-வது பிரிவு: உயிரோடிருக்கும் அப்பாவின் பெயரைப் பிள்ளைக்கு வைக்கக்கூடாது. உயிரோடிருக்கும் அண்ணன், அக்கா பெயர் கூடாது. கேலிக்கு இடமாகும் பெயர் கூடாது. குடும்பப் பெயரை இடுபெயராக வைக்கக்கூடாது. வைத்தே தீருவேன் என்று நின்றால் அதிகாரி எச்சரித்துவிட்டுப் பதிந்துகொள்வார், கூடவே அரசு வழக்கறிஞருக்கு ஒரு கடிதம் தட்டிவிடுவார். அப்புறம் கோர்ட்டு. வெள்ளிக்கிழமை என்று அர்த்தம் வரும் பெயரை வைத்த ஒரு தம்பதி ஜெனோவாவில் கோர்ட்டு கோர்ட்டாக ஏறி, 2008-ல் உச்ச நீதிமன்றம் வரை போய்த் தோற்றிருக்கிறார்கள்.

கடைசி விதியைத் திரும்பப் படியுங்கள். குடும்பப் பெயர் என்று நமக்கு ஏது? இனிஷியல்தான். பாஸ்போர்ட்டில் அதை விரித்து எழுதச் சொன்னதும் அப்பா பெயர் 'சர்நேம்' கட்டத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. பான் கார்டைப் பாருங்கள், ஐந்தாவது எழுத்து சர்நேமின் முதலெழுத்து. நம்மில் பாதிப் பேருக்கு அது அப்பாவின் எழுத்து. வடக்கே வந்த தமிழன் ஒவ்வொருவனும் ஏதாவது ஒரு கவுன்டரில் "சர்நேம் போலியே" என்ற குரலுக்கு முன்னால் விழித்துக்கொண்டு நின்றிருப்பான். மருமகன் இத்தாலியில் நுழைந்தபோதே அத்தான் பெயர் அவனுடைய குடும்பப் பெயர் ஆகிவிட்டது. இப்போது பிள்ளைக்கும் அதுவே குடும்பப் பெயர். 2022-ல் அங்கே அரசியல் சாசன நீதிமன்றம் கொடுத்த தீர்ப்புக்குப் பிறகு அப்பா, அம்மா இருவர் குடும்பப் பெயரும் சேர்ந்து வரும், இருவரும் ஒப்புக்கொண்டால் ஒன்றே போதும். இவர்கள் ஒன்றோடு நிறுத்திக்கொண்டார்கள். அத்தான் பெயரே கட்டம் முழுக்க நிரம்பிவிடுகிறது. அதையே முன்னாலும் வைத்தால் ஒரே பெயர் இரண்டு முறை, சட்டத்துக்கும் ஆகாது.

இந்தச் செய்தியை மாமனாரிடம் சொன்னபோது அவர் யோசித்துவிட்டு, "அப்படியென்றால் அவர் பெயர் ஏற்கெனவே வந்துவிட்டது, முறை தீர்ந்தது" என்றாராம். இரண்டாவது இடம் அம்மாவழித் தாத்தாவுக்கு. அதற்கு அவர் வாய் திறக்கவில்லை. அந்தப் பெண்தான் சொல்லியிருக்கிறாள். அவள் அப்பா பெயர் ஜுஸெப்பே.

மறுநாள் அக்காவுக்குப் போன் செய்து, ஸ்பீக்கரில் போடச் சொல்லி, அத்தானையும் பக்கத்தில் உட்காரவைத்து, இதை முதலிலிருந்து சொன்னேன். சம்பந்தி பெயரை எழுதிவைத்துப் பழகியதைச் சொன்ன இடத்தில் அக்கா மூக்கை உறிஞ்சுவது கேட்டது. வேதக்காரப் பேரு என்ற பேச்சை அவள் எடுக்கவில்லை. ஆனால் அவளுக்கு இன்னொரு நியாயமான கவலை இருந்தது. "கூப்பிட எனக்கு ஒரு பேரு வேண்டாமாடே?"

அப்போது அத்தான் பேசினார். "மாப்ளே, அது நம்ம சூசைதான?"

நம் கடற்கரைக்குப் போர்த்துகீசியர் ஜோசே என்று கொண்டுவந்த பெயர் சூசை ஆகி, நானூறு ஐந்நூறு வருஷம் ஆகிறது. தூத்துக்குடி, மணப்பாடு, இடிந்தகரை எந்த ஊரிலும் தெருவுக்கு இரண்டு சூசை கிடைப்பார்கள். அத்தானுக்கு எட்டாம் வகுப்பில் கணக்கு எடுத்தவர் பெயரும் சூசைதானாம். "எனக்குக் கணக்குன்னு ஒண்ணு வந்ததே அந்த வாத்தியாராலதான்" என்றார். அவர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

நான் கையில் வைத்திருந்த சீட்டையும் அப்போதுதான் இறக்கினேன். வீரமாமுனிவரைத் தெரியும்தானே? சதுரகராதி, பரமார்த்த குருவின் கதை. சென்னை மெரினாவில் 1968-ல் சிலை வைத்தார்கள். 1680-ல் இத்தாலியில் பிறந்தவர். முழுப்பெயர் கொஸ்தான்சோ ஜுஸெப்பே பெஸ்கி. அவருக்குள்ளேயே ஒரு ஜுஸெப்பே இருக்கிறார். கொஸ்தான்சோ என்றால் உறுதி குலையாதவன், அதைத் தைரியநாதர் என்று தமிழாக்கிக்கொண்டார். அப்புறம் அது வீரமாமுனிவர் என்று ஆனது. அவர் பாடிய தேம்பாவணி, 3 காண்டம், 36 படலம், 3,615 பாட்டு. பாட்டுடைத் தலைவன் யார்? நற்செய்தியில் ஒரு வார்த்தையும் பேசாத அதே சூசையப்பர்தான். காவியத்தில் அவருக்கு முனிவர் வைத்த தமிழ்ப் பெயர் வளன். கூட்டித் தருவது, பெருகுவது, வளர்வது. எபிரேய மூலத்தின் பொருளை அப்படியே பிடித்துத் தமிழில் வைத்திருக்கிறார். திருச்சியில் செயின்ட் ஜோசப் கல்லூரிக்குத் தூய வளனார் கல்லூரி என்று பெயர் வந்ததும் இப்படித்தான். திருச்சிக்காரர்களே நிறையப் பேர் இதைக் கவனித்திருக்க மாட்டார்கள்.

"வளன்" என்று அக்கா ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். "வளனு... ஏ வளனு... இங்க வா மக்கா." சமையலறையிலிருந்து தெருவுக்குக் கூப்பிடுகிற தொனியில் இன்னொரு முறை. அவளைப் பொறுத்தவரை பெயர் பாஸாவதற்கு அந்த ஒரு பரீட்சைதான்.

எட்டாவது நாள் நகராட்சியில் பதிந்தார்கள். ஜுஸெப்பே, பின்னால் அத்தான் பெயர். போன வாரம் வரி எண் வந்தது என்று மருமகன் அனுப்பியிருந்தான். நம் பான் எண்ணுக்குப் பத்து எழுத்து என்றால் அவர்களுக்குப் பதினாறு. குடும்பப் பெயரிலிருந்து மூன்று எழுத்து, இடுபெயரிலிருந்து மூன்று, அப்புறம் பிறந்த வருஷம், மாதம், நாள், ஊர், கடைசியில் ஒரு சரிபார்ப்பு எழுத்து. பெண் குழந்தையாக இருந்தால் பிறந்த தேதியோடு நாற்பதைக் கூட்டிப் போடுவார்கள். இடுபெயரில் நான்கு மெய்யெழுத்துக்குக் குறையாமல் இருந்தால் இரண்டாவதைத் தள்ளிவிட்டு மற்றதை எடுப்பார்கள். அதனால் ஜுஸெப்பேக்கு ஜி-பி-பி. அதற்கு முன்னால் எங்கள் ஊர் எல்லைச்சாமியின் மூன்று எழுத்து. கருப்பட்டியும் சுக்கும் சேர்த்தால் காப்பி என்கிற மாதிரி அது பாட்டுக்கு ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

ஞாயிற்றுக்கிழமை வீடியோ கால். அந்தப் பக்கம் பெரிய பெப்பே சின்னப் பெப்பேயை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் அத்தான் சட்டை போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தார். அதுவே பெரிய விஷயம். சம்பந்தி தான் பழகிவைத்த அந்த நீளப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். ஒரு எழுத்து பிசகவில்லை. அக்கா வெட்கப்பட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கால் முடிந்ததும் எனக்குத் தனியாகப் போன் செய்தாள். "ஏல, ரெண்டு தாத்தா பேரும் இவனுக்கே போயிட்டு. அடுத்ததும் பையனாப் பொறந்தா என்ன பேருல வைப்பாங்க?"

ராகேல் கதையை நான் இன்னும் அவளுக்குச் சொல்லவில்லை.